எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை

எங்கள் வீட்டில் சொம்பில் வாய் வைத்துத் தண்ணீர் குடித்தால் அம்மாவுக்குப் பிடிக்காது. எச்சில் படாமல் அண்ணாந்துதான் குடிக்க வேண்டும். நாற்பத்து மூன்று வருடம் யோசிக்காமலே செய்துவந்த காரியம். 2023 பிப்ரவரியில் ஒரு நாள் காலை சொம்பைத் தூக்கினேன், தலை பின்னால் சாய மறுத்துவிட்டது. வலி அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது ஆச்சரியம். கதவைத் தள்ளுகிறோம், அந்தப் பக்கம் யாரோ பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள் என்பது போல இருந்தது.

முந்தின நாள் மாலை பெருந்துறையில் ஒரு கம்பெனியின் கணக்கை முடித்துவிட்டு ஈரோட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். நான் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை செய்பவன். பிப்ரவரி, மார்ச் என்றால் எங்களுக்கு இரவு பகல் கிடையாது. முன்னால் போன டவுன் பஸ் ஸ்டாப்பில் நின்றது, நானும் நின்றேன். பின்னால் மஞ்சள் மூட்டை ஏற்றி வந்த சரக்கு வேன் நிற்கவில்லை. பெரிய வேகம் ஒன்றுமில்லை, முப்பதுக்குள்தான் இருக்கும். டம்மென்று ஒரு சத்தம், கார் ஒரு முழம் முன்னால் நகர்ந்தது, டேஷ்போர்டில் இருந்த மூக்குக் கண்ணாடிப் பெட்டி என் காலடியில் கிடந்தது. அவ்வளவுதான்.

வேனை ஓட்டிய பையனுக்கு இருபத்திரண்டு வயதிருக்கும். "பிரேக் புடிக்கறதுக்குள்ள இடிச்சிருச்சுங்ணா" என்று கையைப் பிசைந்துகொண்டு நின்றான். பம்பர் நசுங்கியிருந்தது. கூடியவர்கள் பேசி மூவாயிரம் ரூபாய் வாங்கிக் கொடுத்தார்கள். "ரத்தம் கித்தம் இல்லையே, அப்புறம் என்ன, கெளம்புங்க" என்றார் டீக்கடைக்காரர். நானும் அதையேதான் நினைத்தேன். வேனின் நம்பரைக்கூடக் குறித்துக்கொள்ளவில்லை.

அந்த மூவாயிரத்தை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது. பம்பருக்கு அங்கேயே கணக்குத் தீர்ந்துவிட்டது. கழுத்துக்கான பில் மறுநாள்தான் வந்தது. இந்த வகை அடியின் குணமே அதுதான். இடித்த சூட்டில் பலருக்கு ஒன்றும் தெரியாது, சில மணி நேரம் கழித்தோ ஒரு ராத்திரி தூங்கி எழுந்த பிறகோதான் இறுக்கம் தொடங்கும். அதற்குள் நாம் கைகுலுக்கிவிட்டு வந்திருப்போம். அரசு மருத்துவமனைக்குப் போயிருந்தால் ஏ.ஆர். என்ற விபத்துப் பதிவு இருந்திருக்கும், ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்திருந்தால் ஒரு தாள் இருந்திருக்கும். என்னிடம் எதுவுமில்லை. மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் மனுப் போட ஆறு மாதம்தான் கெடு என்று 2022 ஏப்ரலிலிருந்து சட்டத்திருத்தம் அமலுக்கு வந்திருந்தது. வழக்கறிஞர் நண்பர் ஒருவர் இதைச் சொல்லிவிட்டு, "ஆனா எந்த வண்டி மேல போடறது?" என்று கேட்டார். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

அன்று காலை படுக்கையிலிருந்து எழுந்த விதத்தைச் சொன்னால்தான் புரியும். தலையைத் தூக்க முடியவில்லை. பின்மண்டைக்குக் கீழே வலது கையைக் கொடுத்து, பரங்கிக்காயை எடுத்து வைப்பது போல என் தலையை நானே தூக்கி வைத்தேன். மனிதத் தலையின் எடை நாலரை முதல் ஐந்து கிலோ. ஏழு சின்ன எலும்புகளும் கொஞ்சம் தசையும் அதை நாள் முழுக்கச் சுமக்கின்றன. சுமப்பவர் லீவு போட்ட அன்றுதான் எடை தெரிகிறது.

வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு தனியார் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்தார்கள். "எலும்புல ஒண்ணுமில்ல. கழுத்தோட வளைவு கொஞ்சம் நேராயிருக்கு, தசை இறுகினா அப்படித் தெரியும்" என்றார் டாக்டர். வலி மாத்திரை, தசையைத் தளர்த்தும் மாத்திரை, ஒரு கழுத்துப் பட்டை. "மூணு வாரம் போடுங்க, அசைக்காதீங்க." நான் ஐந்து வாரம் போட்டேன். சொன்னதைவிட இரண்டு வாரம் அதிகமாகச் செய்தால் இரண்டு மடங்கு சரியாகும் என்று ஒரு கணக்கு. கணக்குப் பார்ப்பதுதானே தொழில்.

காலருக்குச் சமூகத்தில் ஒரு மரியாதை இருக்கிறது. அதைப் போட்டுக்கொண்டு டவுன் பஸ்ஸில் ஏறினால் காலேஜ் பையன் எழுந்து இடம் கொடுப்பான். ஆபீஸில் ஃபைலைக் கையில் கொண்டுவந்து தருவார்கள். கல்யாண வீட்டில் முதல் பந்தி. ஒருநாள் கழுத்து வேர்த்துக் கசகசவென்று இருந்ததால் கழற்றி வைத்துவிட்டு ஆபீஸ் போனேன். மதியத்துக்குள் இரண்டு பேர் கேட்டார்கள்: "சரியாயிருச்சாட்டங்குது?" அன்றைக்குத்தான் வலி அதிகம். மறுநாள் மறுபடி மாட்டிக்கொண்டேன். வைத்தியத்துக்காக அல்ல, சாட்சிக்காக. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை, ஸ்கேனில் ஒன்றுமில்லை, தோலில் ஒரு கீறல்கூட இல்லை. வலிக்கிறது என்பதற்கு என்னிடம் இருந்த ஒரே அத்தாட்சி அந்த நுரைப் பட்டைதான்.

அந்த அத்தாட்சிதான் என்னைக் கெடுத்தது. ஐந்தாம் வாரம் அதைக் கழற்றியபோது, இடப்பக்கம் திரும்ப வேண்டுமென்றால் தோளோடு சேர்த்து இடுப்பும் திரும்பியது. மாலை ஆனதும் பின்மண்டையில் தொடங்கிய வலி ஏறி வந்து வலது கண்ணுக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்ளும். மளிகைக் கடையில் அலமாரிகளைப் பார்த்துக்கொண்டே நடந்தால் தரை மெல்ல வழுக்குவது போல ஒரு கிறுகிறுப்பு. அது என்னைப் பயமுறுத்தியது. மூளையில் ஏதோ என்று ராத்திரி மூன்று மணிக்குப் படுத்துக்கொண்டே முடிவு செய்துவிடுவேன்.

இந்தக் காலத்தில் வந்த யோசனைகளை எழுதினால் தனிப் புத்தகம் ஆகும். அம்மா தினமும் உப்பு ஒத்தடம் கொடுத்தார். அது இதமாகவே இருந்தது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் "சுளுக்கு வழிக்கறவரு ஒருத்தரு இருக்காரு, ஒரு தடவ வழிச்சு உட்டா சரியாப் போயிரும் சாமி" என்பதையும் தினமும் சொன்னார். மாமனார் புத்தூர் கட்டுக்கு ஆள் விசாரித்து வைத்திருந்தார். வழக்கமாக முடி வெட்டும் சலூன்காரர், "உக்காருங்ணா, ஒரே நெட்டி, எல்லாம் இடத்துல வந்து உக்காந்துக்கும்" என்றார். விபத்துக்கு முன் மாதா மாதம் அவரிடம் கழுத்தை நெட்டி முறித்துக்கொண்டு சுகமாக எழுந்து வந்தவன்தான் நான். கழுத்தெலும்பின் இரு பக்கமும் துளை வழியாக மூளைக்கு ரத்தக்குழாய் போகிறது, வெடுக்கென்று திருப்பும்போது அரிதாக அதன் உட்சுவர் கிழிந்து பக்கவாதம்வரை போன கேஸ்கள் உண்டு என்று பிறகு கேள்விப்பட்டேன். அடிபட்ட கழுத்தை அந்தக் கையில் கொடுக்காமல் விட்டது புத்திசாலித்தனத்தால் அல்ல. தொட்டாலே வலித்தது, அதனால்.

கோவையில் ஓர் எலும்பு மருத்துவரைப் பார்க்கப் போனது ஆறாவது வாரம். அவர் படத்தைக் கடைசியில்தான் பார்த்தார். முதலில் கேள்விகள். இடித்த பிறகு எழுந்து நடந்தீர்களா? வலி உடனே வந்ததா, பிறகா? கை மரத்துப்போகிறதா, பிடித்த பொருள் நழுவுகிறதா? நடை தடுமாறுகிறதா? சிறுநீர் போவதில் மாற்றம் உண்டா? இரண்டு இரண்டாகத் தெரிகிறதா? எல்லாவற்றுக்கும் நல்ல பதில்தான். இதில் ஒன்றுக்காவது ஆமாம் என்றிருந்தால் உங்களை இப்படி உட்கார வைத்துப் பேசிக்கொண்டிருக்க மாட்டேன் என்றார். அடிபட்ட அன்று யாருக்குப் படம் எடுக்க வேண்டும், யாருக்கு வேண்டாம் என்று முடிவு செய்ய 2001-இல் கனடாவில் ஒரு விதிமுறை வகுத்தார்களாம். ஆபத்தான அறிகுறி ஏதுமில்லாதவர் இரு பக்கமும் 45 பாகை தலையைத் திருப்ப முடிந்தால் எக்ஸ்ரேயே தேவையில்லை. "உங்களால திருப்ப முடியல, அதனால படம் எடுத்தது சரி. காலர்தான் இவ்வளவு நாள் போட்டிருக்கக் கூடாது."

பிறகு ஒரு தாளில் கழுத்தை வரைந்தார். பின்னாலிருந்து இடிக்கும்போது சீட் முதுகைப் பிடித்து முன்னால் தள்ளுகிறது. தலை இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கிறது. நடுவில் மாட்டியது கழுத்து. அதன் கீழ்ப்பாதி பின்னால் வளைய, மேல்பாதி முன்னால் வளைய, ஒரு நொடியில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் ஆங்கில எஸ் எழுத்து போல நெளிகிறது. தசைகள் விழித்துக்கொள்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும். இதற்கு விப்லாஷ் என்று பெயர், சாட்டைச் சுண்டல் என்று சொல்லலாம். ஹெரால்ட் க்ரோ என்ற அமெரிக்க எலும்பு மருத்துவர் 1928-இல் ஒரு கூட்டத்தில் சொன்ன வார்த்தை. அடி விழும் விதத்தைச் சொல்லத்தான் அவர் அந்தச் சொல்லைப் போட்டார், கேட்டவர்கள் அதையே நோயின் பெயராக்கிவிட்டார்கள், அதில் அவருக்கே பின்னாளில் வருத்தம் உண்டு. 1995-இல் கனடாவின் கியூபெக்கில் ஒரு குழு இதைப் பூஜ்யம் முதல் நான்கு வரை தரம் பிரித்தது. நான்கு என்றால் எலும்பு முறிவு, மூன்று என்றால் நரம்பில் கோளாறு. வலியோடு அசைவும் குறைந்திருக்கும் நான் இரண்டு. "பெரும்பாலானவங்க நீங்க நிக்கற இந்த ரெண்டுலயும் ஒண்ணுலயும்தான். படத்துல ஒண்ணும் தெரியாது. அதுக்காக வலி இல்லைன்னு அர்த்தம் இல்ல" என்றார். ஆறு வாரத்தில் முதன்முறையாக ஒருவர் காலர் இல்லாத என்னை நம்பினார். சும்மா சொல்லவில்லை, கண் கலங்கிவிட்டது.

மருந்து? அசைப்பதுதான் மருந்து. கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி, வலி கொஞ்சம் இருந்தாலும். ஐந்து வாரம் அசையாமல் காத்த கழுத்தை இனி மணிக்கொருமுறை திருப்பச் சொன்னால் மனம் ஒப்புமா? எனக்கு ஒப்பவில்லை. திரும்பும்போது "நருக்" என்று உள்ளே ஒரு சத்தம் கேட்கும், ஏதோ அறுந்தது என்று உறைந்துவிடுவேன். கை மூட்டாக இருந்தால் தடவிப் பார்க்கலாம், கழுத்துக்குள் யார் போய்ப் பார்ப்பது.

இயன்முறை மருத்துவர் ஒரு இளம்பெண், என் அக்கா மகள் வயதுதான் இருக்கும். முதல் நாள் என்னைப் படுக்கவைத்து, கழுத்துக்கு அடியில் காற்றடைத்த சின்னப் பை ஒன்றை வைத்தார். பி.பி. பார்க்கும் கருவி போல அதில் ஒரு மீட்டர். முள் 20-இல் நின்றது. "சார், ஆமாம்னு சொல்லுங்க. வாயால இல்ல, தலையால. யாருக்கும் தெரியாம சொல்லுற மாதிரி." தாடை ஒரு நூல் உள்ளே போக வேண்டும், முள் 22-க்கு ஏற வேண்டும், பத்து நொடி அங்கேயே நிற்க வேண்டும். நல்ல கழுத்துக்காரர்கள் இரண்டு இரண்டாக 30 வரை போவார்களாம். நான் 22-இல் நடுங்கினேன். முள் காற்றில் கொடி போல ஆடியது. கழுத்தின் முன்புறம் இரண்டு கயிறு புடைத்துக்கொண்டு நின்றது. "இந்த ரெண்டு தசையும் வேலையத் திருடுது சார். உள்ள எலும்ப ஒட்டி இருக்கறதுதான் வேலை செய்யணும், அது தூங்கிருச்சு." பயில்வான் போலத் தெரியும் தசைகள் ஏமாற்றுக்காரர்கள், கண்ணுக்குத் தெரியாததுதான் உழைப்பாளி. எங்கள் ஆபீஸ் ஞாபகம் வந்தது.

ஆமாம், இல்லை இரண்டுக்கும் கழுத்தில் தனித்தனி மூட்டு இருக்கிறது என்று அவர்தான் சொன்னார். மண்டை ஓடு முதல் கழுத்தெலும்பின்மேல் உட்காரும் இடத்தில் பிறப்பது பெரும்பாலும் "ஆமாம்". முதல் எலும்புக்கும் இரண்டாவதுக்கும் நடுவே இருப்பது "இல்லை", கழுத்து திரும்பும் அளவில் பாதி அந்த ஒரே மூட்டில்தான். அப்படியென்றால் நாம் தலையை இடவலமாகச் சாய்த்து ஆட்டுவோமே, ஆமாமும் இல்லாமல் இல்லையும் இல்லாமல் ஒரு "சரி சரி", அது? அதற்குக் கீழ்க்கழுத்து முழுக்க ஒத்துழைக்க வேண்டும். எனக்குக் கடைசியாகத் திரும்பி வந்தது அதுதான். மூன்று மாதம் நான் எதற்கும் "சரி" சொல்ல முடியாதவனாக இருந்தேன். வாடிக்கையாளர்கள் என்னை முறைப்பான ஆள் என்று நினைத்திருக்கலாம்.

கிறுகிறுப்புக்கு அவர் வைத்திருந்த வைத்தியம் எனக்கு மிகவும் பிடித்தது. தலையில் ஒரு பட்டை, அதில் சின்ன லேசர் விளக்கு. 90 சென்டிமீட்டர் தள்ளிச் சுவரில் வட்டங்கள் வரைந்த தாள். சிவப்புப் புள்ளி நடுவில் விழும்படி உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு தலையை வலப்பக்கம் திருப்பி, மறுபடி நடுவுக்கு வந்துவிட்டேன் என்று தோன்றும்போது கண்ணைத் திறக்க வேண்டும். திறந்து பார்த்தால் புள்ளி ஒரு சாண் தள்ளிக் கிடந்தது. நான் நேராகப் பார்க்கிறேன் என்று சத்தியமே செய்திருப்பேன். ஏழு சென்டிமீட்டருக்குள் விழுந்தால் பரவாயில்லை என்றார், கணக்குக்கு நாலரைப் பாகை. உடம்பு எங்கே இருக்கிறது, தலை எந்தப் பக்கம் நிற்கிறது என்று மூளைக்குத் தகவல் அனுப்பும் வேலையில் காதுக்கும் கண்ணுக்கும் அடுத்து கழுத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அடிபட்ட கழுத்து தப்புத் தகவல் அனுப்புகிறது, மற்ற இரண்டோடு அது ஒத்துப்போகாததால் தரை வழுக்குகிறது. மூளையில் கட்டி இல்லை. அன்று ராத்திரி மூன்று மணிக்கு விழிப்பு வரவில்லை.

வீட்டில் பையனின் கீச்செயின் லேசரைத் தொப்பியில் செலோடேப் போட்டு ஒட்டிக்கொண்டேன். காலண்டரில் அன்றைய தேதிதான் குறி. "அப்பா, நேத்து கிழிச்ச தேதிக்குப் போயிட்டீங்க" என்று பையன் சிரிப்பான். ஏப்ரல் கடைசியில் தேதிக்குள்ளேயே விழத் தொடங்கியது.

நடுவில் சறுக்கலும் உண்டு. மே மாதம் ஒரு கல்யாணத்துக்குப் பஸ்ஸில் மதுரை போய்வந்து நான்கு நாள் படுத்தேன். ஒரே ஒரு தும்மல் ஒரு வாரத்தைத் தின்றிருக்கிறது. இரண்டு தலையணை ஒன்றானது, பிறகு அதுவும் தட்டையான பழைய இலவம்பஞ்சுத் தலையணை ஆனது. காலையில் காளிங்கராயன் வாய்க்கால் ஓரமாக நடை. கையை வீசி நடந்தால் தோளும் கழுத்தும் தானாகத் தளர்கின்றன, தனியாக உடற்பயிற்சி என்று நினைக்க வேண்டியதில்லை. ஸ்கூட்டரை மட்டும் ஐந்து மாதம் தொடவில்லை. ஹெல்மெட்டின் ஒரு கிலோ எனக்கு ஒரு மூட்டை.

மச்சான் ஒருவர் இருக்கிறார், எதையும் நம்பாதவர். "இதெல்லாம் வெளிநாட்டுல இன்சூரன்ஸ் பணத்துக்காகச் சொல்ற நோவுங்க மாப்ள" என்றார். கோபத்தில் தேடிப் படித்தேன். அவர் சொன்னதில் ஒரு துளி இருக்கிறது. 1996-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வு: லிதுவேனியாவில் பின்னாலிருந்து இடிபட்ட 202 பேரை ஒன்றிலிருந்து மூன்று வருடம் கழித்துத் தேடிப்போய்க் கேட்டால், விபத்தே நடக்காதவர்களைவிட அவர்களுக்குக் கழுத்து வலி அதிகமில்லை. அங்கே அப்போது இதற்கு நஷ்டஈடு கேட்கும் வழக்கமே இல்லை. கனடாவின் சாஸ்கட்செவன் மாகாணத்தில் 1995-இல் வலிக்கான நஷ்டஈட்டை நிறுத்தியதும் மனுக்கள் குறைந்தன, ஆட்கள் சீக்கிரம் தேறினார்கள் என்று 2000-இல் ஓர் ஆய்வு. இன்னொரு பக்கம், பல நாட்டு ஆய்வுகளைத் திரட்டிய 2008-ஆம் ஆண்டுத் தொகுப்பு ஒன்று, ஏறத்தாழ பாதிப் பேர் ஒரு வருடம் கழித்தும் ஏதோ ஒரு கழுத்துத் தொல்லை சொல்கிறார்கள் என்கிறது. எதிர்பார்ப்பும் பயமும் வலியை நீட்டும் என்பதை நான் என் கழுத்திலேயே பார்த்தேன், மறுக்கவில்லை. ஆனால் எனக்கு வழக்கும் இல்லை, மனுவும் இல்லை, வந்ததெல்லாம் மூவாயிரம் ரூபாய், அதுவும் பம்பருக்கு. மச்சானிடம் இதைச் சொன்னேன். "அதுக்கில்ல மாப்ள" என்றார். அதற்குமேல் அவரும் பேசவில்லை.

ஆகஸ்டில் பெரியப்பா வீட்டுக்குப் போயிருந்தோம். பெரியம்மா வழக்கம் போலச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். ஆறு மாதமாக எங்கே போனாலும் டம்ளர் கேட்டு வாங்கி, வாய் வைத்துக் குடித்து, கழுவியும் வைத்துவிட்டு வருகிறவன். அன்று பேச்சு சுவாரசியத்தில் சொம்பை வாங்கி அண்ணாந்துவிட்டேன். பாதி குடித்த பிறகுதான் உறைத்தது. உறைத்ததும் பயந்து நிமிர்ந்ததில் சட்டையெல்லாம் தண்ணீர். "மெதுவா குடி சாமி" என்றார் பெரியம்மா.

இடப்பக்கம் இன்னமும் ஒரு பத்துப் பாகை குறைவு. கார் ரிவர்ஸ் எடுக்கும்போது தெரியும். மாலை வேளை கம்ப்யூட்டர் முன் குனிந்தே இருந்துவிட்டால் கண்ணுக்குப் பின்னால் பழைய ஆள் வந்து எட்டிப் பார்ப்பார்.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. விபத்தன்று என் சீட்டின் ஹெட்ரெஸ்ட் அடிமட்டத்தில் இறங்கியிருந்தது. வாங்கிய நாளிலிருந்தே அப்படித்தான். அது தலை சாய்த்துத் தூங்க வைத்த திண்டு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் அது தலையைப் பின்னால் போகவிடாமல் பிடிப்பதற்காக வைத்த திண்டு. அமெரிக்காவில் 1969 முதல் முன்சீட்டுக்குக் கட்டாயம், தொண்ணூறுகளின் இறுதியில் சாப், வால்வோ கம்பெனிகள் இடித்ததும் தானாக அசைந்து தலையைத் தாங்கும் சீட்டே செய்துவிட்டன. என் காரிலோ பிடரிக்குக் கீழே நின்று, கழுத்து மடங்குவதற்கு வசதியாக முட்டுக் கொடுத்திருக்கிறது. அதன் மேல்விளிம்பு உச்சந்தலை மட்டத்துக்கு, குறைந்தது காதின் மேல்நுனிக்காவது வர வேண்டும், தலைக்கும் அதற்கும் நடுவே நாலு விரலுக்குமேல் இடைவெளி கூடாது. பக்கவாட்டில் ஒரு பட்டன், அழுத்தித் தூக்கினால் இரண்டு நொடி வேலை.

இப்போது யார் காரில் ஏறினாலும் என் கை அந்தப் பட்டனுக்குப் போய்விடுகிறது. போன வாரம் ஒரு கால் டாக்ஸியில் டிரைவர் சீட்டின் ஹெட்ரெஸ்டைப் பின்னாலிருந்து தூக்கிவிட்டேன். அவர் திடுக்கிட்டுத் திரும்பினார், நன்றாகவே, இரண்டு பக்கமும். "என்னங்க நீங்க, ஊரான் வண்டியில எதுக்குக் கை வெக்கறீங்க" என்று மனைவி தொடையில் கிள்ளினாள்.